வெள்ளிக்கிழமை என்று நான் சொன்னது

ஆரணியில் எங்கள் தெருக்காரர்கள் சாயங்காலத்தைக் கடிகாரத்தில் பார்த்ததில்லை. பெரிய பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு சொன்னால் தறியை விட்டு எழுந்துவிடுவார்கள். பொழுது சாய்ந்தால் பட்டு இழை கண்ணுக்குப் பிடிபடாது. அதை அவரவர் கண் சொல்வதற்கு முன்னால் பாங்கு சொல்லிவிடும். எங்கள் அப்பாவும் அப்படித்தான் எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு காப்பிக்குக் குரல் கொடுப்பார். அந்தப் பாங்கு வந்த குழாய்களைப் பள்ளிவாசலின் மேல்தளத்தில் ஏறி மாட்டியவன் நான். இன்று அந்தப் பள்ளிவாசல் தெருவழியாகப் போக வேண்டியிருந்தால் சுற்றிக்கொண்டு போகிறேன். சுற்றிக்கொண்டு போகிறவனையும் பாங்கு விடுவதில்லை, அது வேறு விஷயம்.

தறிக்குழியில் கால் விட்டு உட்காரும் பொறுமை எனக்குக் கிடையாது. இழை அறுந்தால் அப்பா முடிந்துவிட்டு மேலே போவார். எனக்கு இழை அறுந்தால் தறியையே உடைத்துப் போடலாம் போலிருக்கும். அதனால் தொண்ணூறுகளின் தொடக்கத்தில், இருபத்துச் சொச்சம் வயதில், ஒரு மைக்செட் கடை வைத்தேன். கல்யாணம், காதுகுத்து, ஆடி மாதக் கூழ், கட்சிக் கூட்டம் எல்லாவற்றிலும் என் குழாய்தான் கத்தும். ஆள் சிடுமூஞ்சி, ஆனால் வேலை சுத்தம் என்று பெயர் எடுத்தேன். சிடுமூஞ்சி என்பது இன்றைக்கும் பொருந்தும்.

ஒரு ரமலானுக்கு இரண்டு நாள் முன்பு பள்ளிவாசலின் ஆம்ப்ளிஃபையர் புகைந்துவிட்டது. மோதினார் கடைக்கு ஓடி வந்தார். பாங்கு சொல்கிறவரை அப்படித்தான் அழைப்பார்கள். என் வயதுக்காரர், ஒல்லி, வாய்த்துடுக்கு அதிகம். நான் போய்ச் சரிசெய்து கொடுத்தேன். அன்றிலிருந்து பள்ளிவாசல் மைக் என் பொறுப்பு. அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. "மைக்செட்டு" என்றுதான் கூப்பிடுவார்.

ஆற்காட்டு நவாப் காலத்துக் கட்டடம் என்று சொல்வார்கள். ஒரு ஆள் தாராளமாகப் படுத்துப் புரளும் அகலத்துக்குச் சுவர். உள்ளே போனால் சித்திரை வெயிலிலும் சில்லென்று இருக்கும். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்மாவுக்கு ஊரும் சுற்றுப்பட்டும் அங்கே கூடும். தேவிகாபுரம் பக்கத்திலிருந்தும் கண்ணமங்கலம் பக்கத்திலிருந்தும் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். தெருமுனை வரைக்கும் செருப்பு கிடக்கும். பட்டு வியாபாரிகள் அந்த ஒரு மணி நேரம் பேரத்தை நிறுத்திவைப்பார்கள். அந்த மைக்கும் தொழுகைக்கு மட்டும் என்று இருந்ததில்லை. பஸ் ஸ்டாண்டில் குழந்தையைத் தொலைத்தவர்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதற்கு முன்னால் மோதினாரிடம்தான் போவார்கள். "சிவப்புச் சட்டை, அரைஞாண் கயிறு, பேர் கேட்டால் சொல்லாது" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் யாராவது குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

அந்த வாசலுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. மஃரிப் தொழுகை முடிகிற நேரத்தில் படிக்கு வெளியே பெண்கள் வரிசையாக நிற்பார்கள். நெற்றியில் குங்குமம், இடுப்பில் குழந்தை, சிலர் கையில் தண்ணீர் பாட்டில். முஸ்லிம் வீட்டுப் பெண்கள் ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள். மற்றவர்கள் எங்கள் தெருவைப் போன்ற தெருக்களிலிருந்து வந்தவர்கள். குழந்தைக்கு விடாத காய்ச்சல், பயந்துகொண்டு அழுகிறது, பால் குடிக்கவில்லை, எதுவானாலும் டாக்டரிடம் ஒரு நடை, இங்கே ஒரு நடை. தொழுதுவிட்டு வருகிற ஆண்கள் செருப்பு மாட்டுவதற்கு முன்னால், உதட்டுக்குள் ஓதியபடி ஒவ்வொரு குழந்தையின் முகத்திலும் மெல்ல ஊதிவிட்டுப் போவார்கள். நீ யார் என்று இவர்களும் கேட்பதில்லை, அவர்களும் கேட்பதில்லை. என்னையும் கைக்குழந்தையில் அந்த வரிசைக்குத் தூக்கிப்போனதாக அம்மா சொல்லியிருக்கிறாள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஐப்பசி மாதம். முந்தின நாள் இடியில் ஆம்ப்ளிஃபையர் ஊமையாகிவிட்டது. அது இருந்தது தொழுகைக் கூடத்தின் முன்பக்கம், ஒரு ஓரத்தில் இருந்த சின்ன அறையில். நான் அங்கே உட்கார்ந்து ஈயம் வைத்துக்கொண்டிருந்தபோதே நேரமாகிவிட்டது. மோதினார் அவசரமாக வந்து பாங்கு சொன்னார். நான் கம்பிகளைச் சுருட்டி நிமிர்வதற்குள் வரிசை கட்டி நின்றுவிட்டார்கள். தொழுகிறவர் முன்னால் குறுக்கே நடக்கக் கூடாது என்பது எனக்கும் தெரியும். முடியட்டும் என்று அறையிலேயே உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும் கும்பலோடு கும்பலாக வெளியே வந்தேன்.

அப்போது நான் எப்படி இருந்தேன் என்று சொல்லவேண்டும். கடை நிலைக்கவேண்டும் என்று திருப்பதிக்கு வேண்டிக்கொண்டு எட்டு மாதமாக முடி வளர்த்திருந்தேன். தாடி மார்பைத் தொட்டது. லுங்கி, முழுக்கைச் சட்டை. பள்ளிவாசலுக்குள் வெறுந்தலையோடு இருக்கக்கூடாது என்று ஒரு நீலக் கைக்குட்டையைத் தலையில் கட்டியிருந்தேன். பெருமாளுக்கு வளர்த்த தாடியோடு படியில் இறங்கினேன். ஒரு பெண் குழந்தையை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"பாய், என் புள்ளைக்கும் கொஞ்சம் ஊதுங்க பாய்."

நான் பாய் இல்லை என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? மூன்றே வார்த்தை. பின்னாலிருந்து ஆட்கள் நெருக்கினார்கள். எனக்குப் பசி, எரிச்சல், சீக்கிரம் கிளம்பவேண்டும். சொல்வதைவிட ஊதுவது சுலபமாக இருந்தது. குனிந்தேன். ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. கண் பாதி மூடி, உதடு வெடித்து, உடம்பு அடுப்புக் கல் மாதிரி கொதித்தது. ஓதுவதற்கு எனக்கு என்ன தெரியும்? வாயை அசைத்தேன். நாள் முழுக்க மைக்கில் ஊதிச் சோதிக்கிற வாய், அதுவாகவே "ஹலோ, ஒன், டூ, த்ரீ" என்று சத்தமில்லாமல் முணுமுணுத்தது. பீடி நாற்றத்தோடு மூன்று முறை ஊதினேன். குழந்தை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. கை நீட்டி என் தாடியைப் பிடித்துக்கொண்டது.

நான்கு நாள் கழித்து மீதி வேலையை முடிக்கப் போனேன். வெளியே வரும்போது அதே பெண் நின்றிருந்தாள். மெலிந்த உடம்பு, விரலெல்லாம் சாயம். தறி வீட்டுக்காரி என்று பார்த்ததும் தெரிந்தது. மற்றவர்களை விட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தாள்.

"பாய், அன்னிக்கு நீங்க ஊதினீங்களே, அன்னிக்குத்தான் புள்ள தூங்குச்சு. ஒரு வாரமா எங்க யாரையும் தூங்க விடலை. நீங்க தாடியைப் புடிக்க வுட்டீங்க பாரு, அப்பவே தெளிஞ்சுடுச்சு."

மருந்து வேலை செய்திருக்கும். இல்லாவிட்டால் காய்ச்சல் தானாக இறங்கியிருக்கும். எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பேச்சு எனக்கு இனித்தது. கடையில் எல்லோரும் என்னிடம் சத்தம் கூட, சத்தம் குறைய என்று குறைதான் சொல்வார்கள். வீட்டில் தறியை விட்டு ஓடியவன் என்று பெயர். என் மூச்சுக்கு ஒரு மதிப்பு உண்டு என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. மறுபடியும் ஊதினேன். குழந்தை மறுபடியும் தாடியைப் பிடித்தது.

அதற்குப் பிறகு சாயங்காலங்களில் பள்ளிவாசலில் எனக்கு ஏதாவது ஒரு வேலை இருந்தது. ஒயர் தளர்ந்திருக்கிறது, குழாயில் மழைத்தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று நானே வேலை கண்டுபிடித்தேன். அவள் வாரத்துக்கு இரண்டு தடவை வந்தாள். குழந்தைக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல் வரும், சில நாள் கைகால் வெட்டி இழுக்கும். ஊதினால் நின்றுவிடுகிறது என்றாள். நின்ற நாளை மட்டும் கணக்கில் வைத்தாள். நானும் அப்படியே வைத்தேன்.

மோதினாருக்கு இது தெரிந்துவிட்டது. ஒருநாள் கை கால் கழுவும் தொட்டிக்கரையில் என்னை மடக்கினார்.

"இன்னா மைக்செட்டு, நீ வாசல்ல நின்னுகினு ஊதறியாமே?"

"அந்தம்மாதான் நீட்டிச்சு. மூஞ்சியில அடிச்ச மாதிரி வேணான்னு எப்படிச் சொல்றது?"

"ஊதறது தப்புன்னு நான் சொல்லல. நல்ல மனசோட எவன் ஊதினா இன்னா? ஆனா அது உன்ன யாருன்னு நெனச்சுகினு இருக்குது? அது மட்டும் எனக்குப் பேஜாரா இருக்குது. நீயே சொல்லிடு. ஜல்தியா சொல்லிடு."

சொல்கிறேன் என்று தலையாட்டினேன். அடுத்தமுறை சொல்லிவிடுவது என்றுதான் நினைத்தேன். அந்த அடுத்தமுறை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது.

அன்று அவள் குழந்தையை நீட்டவில்லை. தோளில் சாய்த்துப் பிடித்திருந்தாள். குழந்தை தாடியைப் பிடிக்கவில்லை. கண் திறந்துதான் இருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

"பாய், டாக்டரு வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவச் சொல்றாரு. இங்க பார்க்க முடியாதாம். நாளைக்குத் திங்கக்கிழமை. வூட்டுக்காரரு போலாம்ன்றாரு. நீங்க ஒரு நாளு பார்த்துச் சொல்லுங்க. நீங்க சொன்ன நாள்ல போறேன்."

உடனே போ என்று சொல்லியிருக்கலாம். நான் பாய் இல்லை, மைக்செட்காரன் என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு. காலையில் அம்மா நாள்காட்டியைக் கிழித்துவிட்டு, நாளைக்கு அஷ்டமி, மறுநாள் நவமி என்று முனகியது என் காதில் இருந்தது. தலையில் கைக்குட்டை கட்டி, பாயாக நின்றுகொண்டு, அஷ்டமி நவமி பார்த்தேன். அதை வெளியே சொல்ல முடியாது. பாய் ஒருவர் எந்த நாளைச் சொல்வார் என்று யோசித்தேன். சுற்றி நின்ற பெண்களும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வெள்ளிக்கிழமை போங்கம்மா," என்றேன். "ஜும்மா முடிஞ்சு கிளம்புங்க. நல்லாயிடும்."

அவள் கும்பிட்டாள். குழந்தையின் கையைப் பிடித்துத் தூக்கி, அதையும் கும்பிடவைத்தாள்.

அந்த வாரம் எனக்கு வந்தவாசிப் பக்கம் ஒரு கல்யாண வேலை இருந்தது. திங்கள், செவ்வாய், புதன் எப்படிப் போயின என்று எனக்கு நினைவே இல்லை. பாட்டுப் போட்டேன், சாப்பிட்டேன், தூங்கினேன். ஒருமுறைகூட அந்தக் குழந்தை ஞாபகத்துக்கு வரவில்லை. அந்த மூன்று நாளும் நான் நன்றாகத் தூங்கினேன் என்பதுதான் இப்போது என்னைத் தூங்கவிடுவதில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிவாசலுக்குப் போனேன். அவள் வேலூர் போயிருப்பாள், வரிசையில் இருக்கமாட்டாள் என்று தெரிந்தேதான் போனேன். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று ஒரு எண்ணம். தண்ணீர் பாட்டிலோடு நின்ற ஒரு பெண் என்னைப் பார்த்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"உங்க தாடியைப் புடிக்குமே, அந்தப் புள்ள போயிடுச்சு பாய். நேத்து வெள்ளன ஜன்னி கண்டு, தூக்கிகினு வேலூர் பஸ் ஏறியிருக்காங்க. கண்ணமங்கலம் தாண்டறதுக்குள்ள அது மடியிலயே அடங்கிடுச்சாம். பஸ்ஸு நிறைய ஜனம், அழக்கூட அழாம புள்ளய மூடிகினு வந்துச்சாம் அந்தப் பொண்ணு. கண்டக்டருக்குத் தெரிஞ்சா எறக்கி வுட்டுடுவாங்கன்னு."

அந்தப் பெண் தன் குழந்தையை என்னிடம் நீட்டினாள். நான் படியிறங்கி ஓடினேன். செருப்பை அங்கேயே விட்டுவிட்டேன்.

மறுநாள் திருப்பதிக்குப் பஸ் ஏறினேன். வேண்டுதல் நிறைவேறியது என்று வீட்டில் நினைத்தார்கள். தாடியும் தலைமுடியும் மழித்த பிறகு கண்ணாடியில் பார்த்தேன். அந்தப் படியில் நின்ற ஆள் அதில் இல்லை. அதற்காகத்தான் அவ்வளவு அவசரமாகப் போனேன். சாமிக்கு இதில் ஒரு பங்கும் கிடையாது.

பள்ளிவாசல் வேலையைச் சேவூர் ரோட்டில் இருந்த இன்னொரு மைக்செட்காரரிடம் தள்ளிவிட்டேன். மோதினார் கடைக்கு வந்து திட்டினார். காரணத்தைச் சொன்னேன். அவர் அதற்குப் பிறகு திட்டவில்லை. அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

வேலையை விட்டால் போய்விடுமா? நான்கு குழாய்களில் ஒன்றை எங்கள் தெருப்பக்கம் திருப்பி வைத்தவன் நானே. தெருக்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள், அப்பாவும் கேட்டுக்கொண்டார், தெளிவாகக் கேட்கட்டும் என்று மூங்கில் வைத்து முறுக்கிக் கட்டினேன். அது தினமும் ஐந்து முறை என் ஜன்னலுக்குள் வந்தது. மஃரிப் பாங்கு ஒலித்தால் கடையின் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருப்பேன். படியில் இப்போது அவள் நிற்கிறாள், என்னைத் தேடுகிறாள் என்று தோன்றும். மைக்கில் ஊதிச் சோதிப்பதை விட்டுவிட்டேன். ஊதினால் எதிரே ஒரு முகம் வரும், வெடித்த உதட்டோடு. விரலால் தட்டித்தான் பார்த்தேன். வேலூருக்குப் போகவேண்டியிருந்தால் ஆற்காடு வழியாகச் சுற்றிப் போன நாட்கள் உண்டு. கண்ணமங்கலம் வழியாகப் போனால் பஸ்ஸில் எந்த சீட் என்று கண் தேடும்.

பிறகு எனக்கும் கல்யாணமாகி ஒரு பெண் பிறந்தாள். ஆறாம் மாதத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது, பள்ளிவாசலுக்கு ஒரு நடை தூக்கிப்போகிறேன் என்று அம்மா கிளம்பினாள். தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். அம்மா பயந்துபோய்க் குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டாள். இவனுக்கு என்ன பிடித்திருக்கிறது என்று என் மனைவியிடம் கேட்டாள். என் மனைவிக்கும் தெரியாது. மோதினாரைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். ஒருநாள் மத்தியானம் மோதினார் கடைக்கு வந்தார். தாடி நரைக்கத் தொடங்கியிருந்தது. வாணியம்பாடிப் பக்கம் ஒரு பள்ளிவாசலுக்குப் போகப்போவதாகச் சொன்னார்.

"போறதுக்கு முன்ன உன்கிட்ட ஒண்ணு சொல்லணும் மைக்செட்டு. அந்தம்மா இன்னும் வருது."

எந்த அம்மா என்று நான் கேட்கவில்லை.

"வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை வரும். தாடி வெச்ச பாய், நீலக் கர்சீப்பு கட்டுவாரு, அவரு எங்கன்னு கேக்கும். வெளியூரு போயிட்டாருன்னு நான் சொல்லிடுவேன். ஆறேழு வருஷமா உனக்காகப் பொய் சொல்றேன். பாங்கு சொல்ற வாய் இது. இனிமே முடியாது. எனக்குப் பின்ன வர்றவன் இன்னா சொல்வான்னும் தெரியாது. நேத்தும் வந்துச்சு, இன்னிக்கும் வரேன்னு சொல்லிட்டுப் போயிருக்குது. இன்னிக்கு ஒரு நாளு வந்துடு."

என்னைத் திட்டுவதற்குத்தான் தேடுகிறாள் என்று எனக்குத் தெரியும். மண்ணை வாரி இறைப்பாள், ஊர் பார்க்க முகத்தில் துப்புவாள். இத்தனை வருடம் நான் பயந்தது அதற்குத்தான். ஆனால் அன்று சாயங்காலம் போகும்போது, நடந்தால் நடக்கட்டும் என்று ஒரு நிம்மதிகூட இருந்தது. பட்ட அடியோடு இது முடிந்துபோகும் என்று நினைத்தேன்.

உள்ளே தொழுகை நடந்துகொண்டிருந்தது. வரிசையின் கடைசியில் நின்றாள். முன்பைவிட இன்னும் மெலிந்து, முன்தலை நரைத்து. பக்கத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று வயதில் ஒரு பையன். நான் நேராகப் போய் அவள் எதிரில் நின்றேன். அவள் என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தாள். மழித்த முகமும் மூக்குக் கண்ணாடியும் தொப்பையுமாக நின்ற என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"நீங்க ஒரு பாயைத் தேடறீங்கன்னு சொன்னாங்க. எனக்கு அவரைத் தெரியும்," என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துவிட்டாள்.

"தெரியுமா சாமி? எங்க இருக்காரு? நல்லா இருக்காரா? அவரைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொல்லணும். அதுக்குத்தான் இத்தினி வருஷமா வந்துகினு இருக்கேன்."

"இன்னா சொல்லணும்?"

"மன்னிச்சுக்கச் சொல்லணும்."

எனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். அவள் பையனை இழுத்து முன்னால் நிறுத்திக்கொண்டு, தலையைத் தடவியபடியே பேசினாள்.

"இவனுக்கு மேல ஒரு பொண்ணு இருந்துச்சு. அவரு ஊதித்தான் அது பொழைச்சுகினு இருந்துச்சு. வேலூருக்கு எப்ப போவட்டும்னு கேட்டேன். வெள்ளிக்கிழமைன்னு சொன்னாரு. நல்லாயிடும்னு அவரு வாயால சொன்னாரு. நான் பொறுக்கலை. வியாழக்கிழமை வெள்ளன இழுக்குதுன்னு தூக்கிகினு ஓடிட்டேன். ஒரே ஒரு நாளு. அந்த ஒரு நாளு அவரு பேச்சைக் கேட்டுகினு இருந்திருந்தா என் புள்ள இன்னிக்கு இருக்கும். பெரியவங்க வாக்கைத் தட்டிட்டேன். நானே கொன்னுட்டேன். இவன் பொறந்ததுல இருந்து எனக்குப் பயமா இருக்குது. அவரு மன்னிச்சு இவன் மேல ஒரு தடவை ஊதிட்டாருன்னா போதும்."

சொல்லிவிடுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கலாம். அவர் உங்களை மன்னித்துவிட்டார் என்று சொல்லியிருந்தால் அவள் என் காலில் விழுந்து கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பாள். இன்று வரைக்கும் அதை நினைத்துப் பார்க்கிறேன். ஆனால் ஒரு தாய் தன்னைக் கொலைகாரி என்று சொல்லிக்கொண்டு, அதற்கு என்னிடமே மன்னிப்புக் கேட்டு நிற்கிறாள். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்க என்னால் முடியவில்லை. அந்தப் பாரத்தை அவள் தலையிலிருந்து இறக்கவேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது. நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

"அம்மா, அந்த ஆளு நான்தான்," என்றேன்.

என் முகத்தை உற்றுப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றினேன். இன்னும் பார்த்தாள். கண்ணை வைத்து ஆள் தெரிந்துவிட்டது. கும்பிடக் கை எடுத்தாள்.

"கும்புடாதீங்க. நான் பாயே இல்லம்மா. மைக்செட்டுக்காரன். தறிக்காரர் வூட்டுப் புள்ள. உள்ள மைக் ரிப்பேருக்கு வந்தேன், தாடி திருப்பதிக்கு வளர்த்தது. எனக்கு ஓதத் தெரியாது, ஒண்ணும் தெரியாது. சும்மா ஊதினேன். வெள்ளிக்கிழமைன்னு சொன்னதும் வாயில வந்ததைத்தான். அதுல ஒண்ணுமே இல்ல. நீங்க எதையும் தட்டல. உங்க மேல தப்பே இல்லம்மா."

கடைசி வார்த்தையை இரண்டு மூன்று தடவை சொன்னேன் என்று நினைக்கிறேன். கும்பிடத் தூக்கிய கை அப்படியே நெஞ்சுக்கு நேராக நின்றது. அவள் அழுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் எதையோ மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாட்களைத்தான் என்று பிறகு புரிந்தது.

"அப்ப," என்றாள், ரொம்பச் சின்னக் குரலில், "அன்னிக்குத் திங்கக்கிழமையே போயிருக்கலாமா?"

அந்த நிமிடத்தில்தான் நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கு உறைத்தது. ஒரு நாள் பொறுக்காததால் போயிற்று என்று இத்தனை வருடம் இருந்தவளிடம், மூன்று நாள் வீணாகக் காத்திருந்ததால் போயிற்று என்று சொல்லியிருக்கிறேன். வீட்டுக்காரர் திங்கட்கிழமை போகலாம் என்று சொன்னது அவளுக்கு ஞாபகம் இருக்கும். என்னிடம் பொய் ஒன்றும் மிச்சமில்லை. இருந்திருந்தாலும் அதைச் சொல்ல வாய் வந்திருக்காது.

"போயிருக்கலாம்மா," என்றேன்.

உள்ளே தொழுகை முடிந்து, ஆண்கள் வெளியே வரத் தொடங்கினார்கள். வரிசையில் இருந்த குழந்தைகள் ஒவ்வொன்றின் மேலும் குனிந்து ஊதியபடி முதலில் வந்த பெரியவர், உதட்டுக்குள் ஓதிக்கொண்டே, கடைசியில் நின்ற பையனிடம் வந்து குனிந்தார். அவள் ஒரு அடி பின்னால் நகர்ந்து, முந்தானையால் பையனின் முகத்தை மூடிக்கொண்டாள்.